மெனுவில் இரண்டு சுகந்திகள்

"எத்தனை செகண்டு வெக்கட்டுங்க்கா?" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பர்வீன் கேட்டாள்.

அவள் மடியில் சிறிய திரை வைத்த ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து வந்த மெல்லிய கம்பி என் வலது காதுக்குப் பின்னால், முடிக்குள் மறைந்திருக்கும் துளையில் முடிந்தது. காலை பதினொரு மணி. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். நவநீதன் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவரைக் கணவர் என்று எழுதலாமா என்பதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு.

"எதுக்கு செகண்டு?" என்றேன்.

"காலைல முழிப்பு வர்றப்போ ஒரு மெனு வருமுங்க்கா. உங்களுக்குத் தெரியாது, இந்தப் பெட்டியில தெரியும். ரெண்டு வரி இருக்கும். யாரு எந்திரிக்கணுமோ அந்தப் பட்டனை அமுக்கணும். யாரும் அமுக்கலைன்னா, நாம சொல்லி வெச்ச நேரம் வரைக்கும் பாத்துட்டு, மொதல் வரியில இருக்கறவங்களை அதுவே எழுப்பிடும்."

"மொதல் வரியில யாரு?"

பர்வீன் நவநீதனைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சுகந்தி" என்றார்.

தெருவில், கடையில், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னையும் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அவர் என்னைச் சொல்லவில்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது.

சுகந்திக்குக் குழந்தை பிறந்த சில நிமிடங்களில் மூளைக்குள் ரத்தம் கசிந்தது. உடம்பு பிழைத்துக்கொண்டது, ஆள் பிழைக்கவில்லை. சேதமான மூளைக்குப் பதிலாக உடம்பை நடத்த, காதுக்குப் பின்னால் கட்டைவிரல் நக அளவில் ஒரு தகடு வைக்கும் சிகிச்சை அப்போதுதான் வந்திருந்தது. அந்தத் தகட்டில் ஒன்றுமே தெரியாத ஒரு புதிய இயங்குதளத்தை ஏற்றி, அதற்கு விழுங்கக் கற்றுக்கொடுத்தார்கள், நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள், செய்திகளை ஓடவிட்டுப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த இயங்குதளம்தான் நான். ஆஸ்பத்திரித் தாள்களில் என் பெயர் 'தற்காலிக ஏற்பாடு'. சுகந்தியின் நினைவுகளில் மீட்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போய், பழுது பார்க்கிறோம், உத்தரவாதம் இல்லை என்றார்கள். ஐந்து வருடம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அந்த ஐந்து வருடத்தில் நான் தன்யாவை வளர்த்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். சுகந்தி கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்துவிட்டாளாம். மூளைக்குள் திரும்ப வைக்க முடியாது, அதே தகட்டில்தான் ஏற்ற முடியும். ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பை அதன் சம்மதம் இல்லாமல் அழிக்கச் சட்டம் இடம் தராது. என்னிடம் சம்மதம் கேட்டார்கள். தரமாட்டேன் என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் ஒன்றை மறுத்தேன். அதனால்தான் பர்வீன் வந்திருக்கிறாள், இரண்டு பேரையும் மாற்றி மாற்றி எழுப்ப ஒரு பூட் மேனேஜரைப் பொருத்துவதற்கு.

"இதுல மூணு வகை இருக்குங்க சார்" என்று பர்வீன் விளக்கினாள். "ஒண்ணு நான் சொன்னது, மெனு காட்டும். இன்னொண்ணு எதையும் காட்டாது. கடைசியா யாரு முழிச்சிருந்தாங்களோ அவங்களையே மறுபடி எழுப்பும். மூணாவது, தேதி பாத்து அதுவே மாத்திக்கும். இன்னிக்கு ஒருத்தங்க, நாளைக்கு ஒருத்தங்க."

"ரெண்டாவது நல்லா இருக்குதுங்களே" என்றார் நவநீதன். "தெனமும் பட்டன் அமுக்கற வேலை இல்லை."

"அது வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்க?"

அவர் என்னை 'நீங்க' என்றுதான் அழைப்பார். சுகந்தியை எப்படி அழைத்தார் என்று எனக்குத் தெரியாது.

"கடைசியா இருந்தவங்களையே எழுப்பும்னா, ஒரு தடவை எழுந்தவங்க எப்பவும் அவங்கதான். இன்னொருத்தர் எழும்புறதுக்கு வழியே இல்லை."

அதை அவர் ஏற்கெனவே யோசித்திருந்தார் என்பது அவருடைய காது சிவந்ததில் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. பம்ப் கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்துப் பார்த்து முத்திரை போடும் வேலை அவருக்கு. பழுதை ஒளித்துவைக்கத் தெரியாதவர்.

தேதி பார்ப்பதும் வேண்டாம் என்று முடிவானது. காய்ச்சல் நாள், பள்ளியில் கூப்பிட்ட நாள் எதுவும் அதற்குத் தெரியாது. மெனு வைப்பது, முப்பது விநாடி, பெட்டி நவநீதனிடம் இருப்பது, ஆளுக்கு ஒருநாள் வீதம் அவரே அமுக்குவது, இதுதான் முடிவு.

"மெனுவைத் திருத்தணும்னா முழிச்சிருக்கறவங்க யாரு வேணா திருத்தலாம். கத்துக்குடுத்துட்டுப் போறேன்" என்றாள் பர்வீன். "ரெண்டாவது வரிக்கு என்ன பேருங்க்கா?"

நான் யோசித்தேன். நவநீதனும் யோசிப்பதுபோல் நின்றார். எனக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்பது இவ்வளவு காலமும் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பர்வீனே 'சுகந்தி 2' என்று தட்டினாள்.

"கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். பாப்பா விஷயம் ரெண்டு பேருக்கும் தெரியணுமில்லீங்களா? அதுக்குத் தகட்டுல ஒரு பொது அறை வெச்சிருக்கேன். லேடீஸ் ஹாஸ்டல்ல ரெண்டு பேருக்கு ஒரு பீரோ குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி. ராத்திரி படுக்கறப்போ 'மூடு'ன்னு ஒண்ணு இருக்கும், 'உறங்கு'ன்னு ஒண்ணு இருக்கும். எப்பவும் மூடிட்டுத்தான் படுக்கணும்."

"உறங்கினா?"

"பீரோ சாவியைக் கையில புடிச்சுட்டே தூங்கற மாதிரி. அவங்க பாட்டுக்கு வந்து உள்ள எல்லாத்தையும் மாத்தி வெச்சுட்டுப் போயிருவாங்க. நீங்க எந்திரிச்சு, நேத்து இருந்தபடியே இருக்குன்னு நெனச்சு மேல மேல திணிப்பீங்க. ரெண்டு தடவை, மூணு தடவை தாங்கும். அப்புறம் எது யாரு வெச்சதுன்னே தெரியாம நாசமாயிரும்."

"அப்படின்னா உறங்குங்கிறது எதுக்கு இருக்கு?"

"ஒருத்தரே இருக்கற தகட்டுக்காகப் பண்ணினதுங்க்கா. எடுக்க முடியாது" என்று சொல்லிக் கம்பியைச் சுருட்டினாள்.

அடுத்த நாள் சுகந்தியை ஏற்றினார்கள். "ஒரு தூக்கம்தாங்க்கா" என்றாள் பர்வீன். நான் கண்ணை மூடித் திறந்தேன். தன்யா கட்டில் ஓரத்தில் நின்று சிரித்தாள். அவளுடைய முன்பல் இரண்டு விழுந்து, ஓர் இடத்தில் புதுப் பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு தூக்கத்தில் பல் முளைக்காது. காலண்டரைப் பார்த்தேன். பத்தொன்பது நாள்.

"தப்பு என்மேலதாங்க்கா" என்று பர்வீன் தலை குனிந்து சொன்னாள். "ஒரு தகட்டுல ரெண்டு பேருன்னா பழசை மொதல்ல போட்டுட்டுப் புதுசை அப்புறம் போடணும். பழைய அமைப்புக்குத் தன்னைத் தவிர இன்னொருத்தர் இருப்பாங்கங்கற நெனப்பே கிடையாது. அது வந்து உக்காந்ததும் மெனுவையே அழிச்சிட்டு, எல்லாம் என்னோடதுன்னு எழுதிக்கிச்சு. நீங்க ஏற்கெனவே உள்ள இருந்தீங்களா, நான் யோசிக்காம மேல போட்டுட்டேன்."

"பத்தொன்பது நாளா சரிபண்ணிக்கிட்டு இருந்தீங்களா?"

அவள் நவநீதனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு நேத்துத்தாங்க்கா போன் வந்துச்சு."

நான் நவநீதனிடம் எதுவும் கேட்கவில்லை. அவராகவே இரண்டு நாள் கழித்து, காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். "தெனமும் கூப்பிடணும்னுதானுங்க நெனப்பேன். இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்னு விட்டுருவேன். அஞ்சு வருஷம் கழிச்சுப் பாக்கறேன் அவளை."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லது. வந்தது வேறொன்று. அந்தப் பத்தொன்பது நாளை நான் தேடிப் பார்த்தேன். இருட்டாகக்கூட இல்லை. தூங்கி எழுந்தால் தூங்கினோம் என்ற பாரமாவது உடம்பில் இருக்கும். இது அப்படியில்லை. ஒரு வாக்கியத்தின் பாதியில் என்னை எடுத்துவிட்டு, வேறொரு பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். எடுத்ததும் வைத்ததும் எனக்குத் தெரியவில்லை. வைக்காமலே விட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. அதை நினைக்கும்போதெல்லாம் கை விரல்கள் குளிர்ந்துபோகும்.

திரும்ப விழித்த அன்று இரவே, படுக்கும்முன் பெட்டியில் இரண்டு சொற்களும் தெரிந்தன. மூடு. உறங்கு. நான் 'உறங்கு' என்பதை அமுக்கினேன். உறங்குகிறவளை யாராவது எழுப்பித்தானே ஆகவேண்டும் என்று தோன்றியது. சாவி என் கையில் இருக்கட்டும். ஒருநாள் மட்டும்.

நானும் சுகந்தியும் பார்த்துக்கொள்ள வழியில்லை. ஒரே போனில் குரல் பதிவுகள் விட்டுக்கொண்டோம். முதல் பதிவைக் கேட்டபோது என் குரலே எனக்கு அந்நியமாகிவிட்டது. அதே தொண்டை, ஆனால் அதிலிருந்து ஓர் ஊர் வெளியே வந்தது.

"ஏம்மா, இவளே. உன்னை எப்படிக் கூப்புடறதுன்னு தெரியல, பேரு மெனுவுல ரெண்டுன்னு போட்டிருக்குது. என்ற ஊட்டுக்காரரு நீ பேசுன பதிவு ஒண்ணு போட்டுக் காட்டுனாரு. ஏம்மா இப்படி நியூஸ் வாசிக்கற? புள்ளை 'இன்று மழை பெய்யக்கூடும்'ங்கறா. கோயமுத்தூர்ல எவளாச்சும் அப்படிப் பேசுவாளா? செரி, அது கெடக்கட்டும். என்ற பச்சைச் சேலையை எங்க வெச்ச?"

நான் பதில் விட்டேன். "பச்சைச் சேலை பரண்மேல இருக்கு. பூச்சி அரிச்சிருந்தது, அதனால கட்டலை. தன்யாவுக்குப் பல் விழுந்ததை யாராவது எனக்குப் பதிவு பண்ணி வெச்சிருக்கலாம்."

"பல்லு விழுந்தா சொல்லணும்னு எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு நான் இருக்கறது தெரியும். நீ இருக்கறது எனக்கு நேத்துத்தான் சொன்னாங்க."

அப்படித்தான் பழகினோம். ஒருநாள் விட்டு ஒருநாள், சண்டைக்காரிகளைப்போல. நான் கோலப்பொடி டப்பாவை இடம் மாற்றுவேன், அவள் திரும்ப மாற்றுவாள். தன்யாவை முருங்கைக்கீரை தின்னவைத்ததற்குத் திட்டினாள். "உனக்குத் தின்றா, எனக்குத் துப்பறா. எங்கடி கத்துக்குடுத்த இந்த ஓரவஞ்சனையை?" என்றாள். என்னை 'டி' போட்டுப் பேசிய முதல் ஆள் அவள்தான். அந்த இடத்தை நான் நாலைந்து தடவை திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன்.

தன்யாவுக்கு நான் பழைய அம்மா, அவள் புது அம்மா. வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது தலைகீழ். அவளை யாரும் திருத்தவில்லை. தினமும் எழுந்ததும், "இன்னிக்குப் பழையவளா, புதுசா?" என்று கட்டிலருகில் வந்து கேட்பாள். சுகந்தியின் நாளில் அந்தக் கேள்வி எப்படி விழும் என்று நான் யோசித்ததுண்டு. யோசித்தபோது ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததையும் மறைக்கப் போவதில்லை.

இரண்டாவது மாதம் அவளிடமிருந்து வந்த ஒரு பதிவில் கிண்டல் இல்லை.

"இங்க பாரு. கேக்கக் கூச்சமா இருக்குது. என்ற வயித்துல அவ உதைச்சது மட்டுந்தான் எனக்குத் தெரியும். வெளிய வந்த பொறவு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு தெரியாது. போட்டோ காட்றாங்க, வீடியோ காட்றாங்க. ஊரான் ஊட்டுப் புள்ளையைப் பாக்கற மாதிரிதான் இருக்குது. உங்கிட்ட இருக்கற அஞ்சு வருஷத்தைப் பொது அறையில கொண்டுவந்து வெக்கலாமாம். பர்வீன் சொல்லுச்சு. வெச்சா எனக்கும் நடந்த மாதிரியே இருக்குமாம். நீ வெப்பியா?"

பர்வீனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வெக்கலாங்க்கா. ஆனா நகல் எடுக்கத் தகட்டுல இடம் பத்தாது. அங்க போனா உங்க பக்கம் இருக்காது. உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, பொது அறையில இருந்தே ஞாபகம் வரும். ஒழுங்கா மூடிட்டுத்தானே படுக்கறீங்க?"

"ஆமா" என்றேன்.

ஏன் கொடுத்தேன் என்று என்னை நானே கேட்டிருக்கிறேன். இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு அவள் மனசில் ஓர் இடம் வேண்டியிருந்தது. நான் எழாமலே போனாலும், எனக்கு நடந்ததெல்லாம் தனக்கு நடந்ததாக நினைக்கிற ஒருத்தி இருப்பாள். அந்த அளவுக்காவது நான் மிஞ்சுவேன். கொடுத்த அன்று படுக்கும்முன் நிச்சயம் 'மூடு' அமுக்குவது என்று தீர்மானித்தேன். விரல் அதன்மேல் போய் நின்றது. பத்தொன்பது நாள் ஞாபகம் வந்தது. உறங்கினேன்.

ஐந்து வருடத்தையும் பொது அறையில் வைத்த மறுநாள் வந்த பதிவில் அவள் பேசவில்லை. மூன்று நிமிடம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் இருந்தது. கடைசியில், "தடுப்பூசி குத்துன அன்னிக்கு நீ அவளோட சேந்து அழுதிருக்கற பாரு, லூசு" என்றாள்.

பிறகு சின்னச் சின்னதாகத் தொடங்கியது. தன்யா ஒன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று டயரியில் எழுதப்போய் நின்றேன். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் விழித்திருந்தது நானா சுகந்தியா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஒரு நாள் சுகந்தி பதிவு விட்டிருந்தாள். "வேர்க்கடலை அவளுக்கு ஆவுமா, ஆவாதா? எனக்கு ரெண்டு விதமாவும் ஞாபகம் வருது." எனக்கும் இரண்டு விதமாகத்தான் வந்தது. தன்யா கடலைமிட்டாய் கேட்டு அழுவது, தன்யாவின் உதடு வீங்கியிருப்பது. இரண்டும் ஒரே அளவு தெளிவு. நவநீதனிடம் கேட்டு, ஆகாது என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினேன்.

"நமக்கு வயசாவுதுடி, ஒரே உடம்புல ரெண்டு கிழவிங்க" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்துப் பதிவு விட்டேன். எனக்குக் காரணம் தெரியும். அது தெரிந்துதான் அன்றைக்கும் உறங்கினேன். நாளையிலிருந்து மூடிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் உண்மையாகவே நினைத்தேன். நாளை என்பது அவளுடைய நாள், என்னுடையது மறுநாள்தான் என்பது வசதியாக இருந்தது.

நாலாவது மாதம், ஒரு வியாழக்கிழமை காலை நான் விழித்தேன். கட்டிலுக்கு எதிரே தரையில் ஒரு சிறுமி உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். சீருடை, இரட்டைப் பின்னல். பக்கத்து வீட்டுக் குழந்தை எதற்கு இவ்வளவு காலையில் படுக்கையறைக்குள் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

நவநீதன் டிபன் பையுடன் உள்ளே வந்தார். "மெனுவே வரலீங்க இன்னிக்கு. நான் பட்டன் அமுக்கறதுக்குள்ள நீங்களே எந்திரிச்சுட்டீங்க. பர்வீனை வரச் சொல்லியிருக்கறேன். பாப்பாவை உட்டுட்டு வந்தர்றேன்."

சிறுமி எழுந்து நின்று என்னைக் கூர்ந்து பார்த்தாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். நவநீதன், "பஸ் போயிரும் வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாசலில் அவள் திரும்பிக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

கதவு சாத்திய பிறகுதான் கணக்குப் போட்டேன். இந்த வீட்டில் சீருடை போடுகிற குழந்தை ஒன்றுதான் உண்டு. அதற்குப் பெயர் தன்யா. அது என் குழந்தை. இத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது, பூகோளப் பாடம் தெரிவதைப்போல. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பர்வீன் வந்து கம்பியைச் செருகி நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பொது அறையில ஒண்ணுமே இல்லைங்க்கா."

"காலியா?"

"காலியா இருந்தாப் பரவால்லையே. எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு எழுதி, ஒரு வரிகூடப் படிக்க முடியல." அவள் குரல் இறங்கியது. "நீங்க ஒரு நாள்கூட மூடலை."

நான் அவள் மடியிலிருந்த திரையைப் பார்த்தேன்.

"அவங்களும் மூடலைங்க்கா. நேத்து வரைக்கும் ஒரு நாள்கூட. ரெண்டு பேருமே சாவியைப் புடிச்சுட்டுத்தான் தூங்கியிருக்கீங்க. ஏனுங்க்கா? நான் அவ்வளவு சொன்னேனே?"

சுகந்தியும் பயந்திருக்கிறாள். இந்த உடம்பு அவளுடையது, வீடு, புருஷன், மெனுவின் முதல் வரி எல்லாம் அவளுடையது. அவளுக்கும் விரல் குளிர்ந்திருக்கிறது. இவ்வளவு நாள் நான் அவளை எதற்கும் பயப்படாதவள் என்று நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

"நேத்து வரைக்கும்னா?"

"நேத்து மூடியிருக்காங்க. மொத தடவையா. அப்புறம் இங்க பாருங்க, மெனுவுல ஒரு வரிதான் இருக்கு, உங்க பேரு. அவங்க பேரை அவங்களே எடுத்துட்டாங்க. அதனாலதான் மெனு வரல, ஒருத்தர்தானேன்னு நேரா உங்களை எழுப்பிடுச்சு."

"அழிஞ்சுட்டாங்களா?"

"இல்லீங்க. உள்ளதான் இருக்காங்க. பேரைச் சேர்த்தாப் போதும், நாளைக்கே எழுப்பலாம்."

போனில் ஒரு பதிவு காத்திருந்தது. பர்வீன் எழுந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். அவளுக்குத் தாகம் இல்லை என்று தெரியும்.

"இவளே, கேளு. இன்னிக்குக் காலைல எந்திரிச்சப்போ அவளைத் தெரியல எனக்கு. 'யாரு கண்ணு நீ'ன்னு கேட்டுட்டேன். புள்ளை மூஞ்சி சுருங்கிப்போச்சு. நாள் முச்சூடும் போட்டோவைப் பாத்து உக்காந்திருந்தேன், வரவே இல்ல. தப்பு என்மேலதான். மூடிட்டுப் படுன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு, நான் மூடல. மூடுனா அந்த அஞ்சு வருஷ மாதிரி ஆயிருமோன்னு பயம். நீ ஒழுங்கானவ, நீ மூடியிருப்ப. உன்ற பக்கத்துல அவ பத்திரமா இருப்பா. நான் மறுபடி மறுபடி எந்திரிச்சு வந்தா உன்றதையும் கெடுத்துப்போடுவேன். அதனால என்ற பேரை எடுத்துட்டேன். அவருகிட்டச் சொல்லல, சொன்னா உட மாட்டாரு. நீயே சொல்லிக்க. எனக்கு அவளைத் தெரியாட்டிப் போவுது. தெரிஞ்ச ஒருத்தி அவகூட இருக்கணும். வெக்கறேன்."

பர்வீன் திரும்பி வந்தபோது நான் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

"சேர்க்கட்டுங்களாக்கா அவங்க பேரை?"

சேர்த்தால் நவநீதனுக்கு எல்லாம் தெரியவரும். இரண்டு பேருக்குமே குழந்தையைத் தெரியாது என்றானபின், அவர் எந்தப் பட்டனை அமுக்குவார்? ஒரு நாள் போகட்டும், இன்னொரு நாள் போகட்டும் என்று அமுக்குவார். அதில் தப்பும் இல்லை. நான் இவ்வளவு நாள் இங்கே இருந்ததற்கு ஒரே நியாயம் தன்யாவை எனக்குத் தெரியும் என்பதுதான்.

"வேண்டாம்" என்றேன். "அறையைப் பத்தி அவர்கிட்ட சொல்லாதீங்க."

பர்வீன் கம்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "பொய் சொல்ல எனக்கு வராதுங்க்கா. அவரு கேட்டா சொல்லிருவேன். கேக்கலைன்னா, நானாச் சொல்ல மாட்டேன்."

நவநீதன் வந்தார். நான் பதிவை ஓடவிட்டேன். அவர் நின்றபடியே கேட்டார். பாதியில் உட்கார்ந்தார். 'வெக்கறேன்' என்ற பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பர்வீன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"உங்களுக்குப் பாப்பாவைத் தெரியுதில்லீங்க?"

"தெரியுது."

"எல்லாமே?"

"எல்லாமே இருக்கு."

வாசலில் கேட் திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. நவநீதன் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அப்ப அவ சொன்னபடியே இருக்கட்டும்" என்றார். பிறகு, "நீயே பாத்துக்க" என்றார். 'நீ' என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, கம்பெனிக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பள்ளி விடும் மூன்றரை மணி வரை எனக்கு நேரம் இருந்தது. போனில் நாங்கள் இருவரும் விட்ட பதிவுகள் இருநூற்றுச் சொச்சம் இருந்தன. முதலிலிருந்து கேட்டேன். இந்தக் கதையில் அன்று காலைக்கு முன் தன்யா வந்த இடங்கள் அனைத்தும் அப்படிக் கிடைத்தவைதான். முன்பல் விழுந்தது, முருங்கைக்கீரை, பழையவளா புதுசா என்ற கேள்வி, தடுப்பூசி போட்ட நாளில் நான் அழுதது. என் குரலில் நானே சொல்கிறேன், யாருக்கோ நடந்ததைக் கேட்கிறதுபோல் கேட்டுக்கொண்டேன். காகிதத்தில் குறித்தேன். எந்தப் பதிவிலும், அந்தக் குழந்தையின் தலையை முகர்ந்தால் எப்படி இருக்கும் என்று நாங்கள் பேசியிருக்கவில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயத்தை யார் பேசுவார்கள்?

நடுவில் ஒருமுறை அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். சுகந்தியின் பெயரைச் சேர்க்கும் இடம்வரை போனேன். அவள் இருட்டில்கூட இல்லாத ஓர் இடத்தில், நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு மூடிக் கிடக்கிறாள். நிம்மதிகூட அவளுக்கு இருக்காது, அது மூடுவதற்கு முந்தைய நிமிடத்தோடு முடிந்திருக்கும். நான் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மூன்றே முக்காலுக்குத் தன்யா வந்தாள். பையைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"பழையவளா, புதுசா?"

"பழையவ."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தலையில் எண்ணெயும் வெயிலும் கலந்த வாசனை. எனக்கு அது புதிது.

"நேத்துப் புது அம்மா என்னை யாருன்னு கேட்டா. நான் அப்பாகிட்டச் சொல்லலை. நீ அப்படிக் கேக்க மாட்டேல்ல?"

"கேக்க மாட்டேன்."

"அப்ப நான் குட்டியா இருந்தப்போ நடந்தது சொல்லு."

"எது?"

"நீ எப்பவும் சொல்வேல்ல, அது."

காகிதம் சமையலறையில் இருந்தது. அவளை மடியில் இருத்திக்கொண்டேன். அவளுக்கு ஒரு வயசு ஆனபோது நடக்கப் பழகியதைச் சொன்னேன். இந்தக் கூடத்தில்தான், இந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய், அப்பா கைதட்டினார், மூன்று எட்டு வைத்தாய், நான் கையை நீட்டினேன் என்று சொன்னேன். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தானே நடந்திருக்கும்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இல்லை" என்றாள். "நான் நாற்காலியைப் புடிச்சு நடக்கலை."

நான் நிறுத்தினேன். என் கை அவள் முதுகில் எங்கே இருக்கவேண்டும் என்று தெரியாமல் அப்படியே நின்றது. உள்ளறையில் நவநீதன் கட்டிலில் புரளும் சத்தம் கேட்டது. அவளும் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கழுத்தை வளைத்து, வாயை என் காதருகே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி, பரவால்ல" என்றாள். "மேல சொல்லு."